முதல்ல ஷேவ் பண்ணு, அப்புறம் மனு போடு

போன மாசம் ஆபீஸ் வேலையா சான் ஆன்டோனியோ போயிருந்தேன், திரும்பி வர்றப்போ ஏர்போர்ட்ல கேட் பக்கத்துல உக்காந்திருக்கேன், எதிர்ல ஒரு அமெரிக்க ஆர்மிக்காரர். அந்த ஊர்ல யூனிஃபார்ம்ல ஆள் பாக்குறது ஒண்ணும் புதுசில்ல, ஊரைச் சுத்தி அவ்ளோ மிலிட்டரி பேஸ் இருக்கு. ஆனா இவர் தலையில யூனிஃபார்ம் கலர்லயே ஒரு டர்பன், நெத்திக்கு நேரா அதுல ரேங்க் பேட்ஜ், தாடிய நல்லா சுருட்டி தாடைக்குக் கீழ கட்டியிருந்தார். பக்கத்துல ரெண்டு பசங்க சிப்ஸ் தின்னுட்டு இருந்தாங்க, யாரும் அவரைத் திரும்பிக்கூடப் பாக்கல. எனக்கு மட்டும் கண்ண எடுக்க முடியல.

ஏன்னா எனக்கு உடனே எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு. அப்பா வேலூர் பக்கத்துல இருந்து மிலிட்டரிக்குப் போனவர், சிக்னல்ஸ், அதாவது தகவல் தொடர்புப் பிரிவு. எங்க பக்கம் வீட்டுக்கு ஒரு ஆளு மிலிட்டரிலனு சொல்ற ஊருங்க உண்டு, கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைனே சொல்வாங்க, அதனால அது பெரிய விஷயமா எனக்குத் தெரிஞ்சதில்ல. ஆனா அப்பா லீவுல வந்தா சொல்ற கதைங்கள்ல ஒரு சிங் கண்டிப்பா வருவார். ஜபல்பூர்ல ட்ரெயினிங்ல இருந்தப்போ பக்கத்துக் கட்டில். அப்பா அவரைப் பாஜினுதான் கூப்பிடுவார், பஞ்சாபில அண்ணன்னு அர்த்தம், அவர் அப்பாவை மதராஸினு.

அந்த சிங் விடியகாலைல எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சிடுவாராம். குளிர்ல பல்லு தந்தி அடிக்கும், அந்த நேரத்துல முடிய அவுத்து சீப்பு போட்டு சிக்கெடுத்து உச்சியில கொண்டை கட்டி, அஞ்சாறு மீட்டர் துணிய மடிக்கணும். அத தனியா மடிக்கிறது கஷ்டம், ஒரு முனைய ஒருத்தர் இழுத்துப் பிடிக்கணும், இன்னொரு முனைல இருந்து நாலு மடிப்பா இறுக்கமா மடிச்சுட்டு வருவாங்க, அதுக்குப் பூனினு பேரு. அப்பாதான் தினமும் அந்த இன்னொரு முனைய பிடிப்பார். அரைத்தூக்கத்துல பிடிப்பேன்டா, துணி தொய்ஞ்சா கத்துவான்னு சொல்லி சிரிப்பார். அப்புறம் தாடிக்கு ஒரு துணிய இறுக்கிக் கட்டி கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, அது படிஞ்சதும் அவுத்துட்டு பரேடுக்குப் போறது. நாங்க ஷேவ் பண்ணி முடிக்கிறதுக்குள்ள அவன் ரெடியா நிப்பான், ஒரு நாள் கூட லேட் ஆனதில்லனு அப்பா அடிச்சு சொல்வார்.

இத எதுக்கு சொல்றேன்னா, நான் வளர்ந்த கதைல டர்பன் கட்டின சோல்ஜர் ரொம்ப சாதாரணம். இப்போ பாகிஸ்தான்ல இருக்கிற சாராகடிங்கிற சின்ன காவல் கோட்டைல 1897 செப்டம்பர் 12-ல 36-வது சீக் படையோட 21 பேர் ஆயிரக்கணக்கான பேரை எதிர்த்து கடைசி ஆள் வரைக்கும் நின்னாங்க, அதுல குர்முக் சிங் கடைசி வரைக்கும் கண்ணாடில வெயிலப் பிடிச்சு சிக்னல் அனுப்பிட்டே இருந்தார், அப்பா சிக்னல்ஸ்ங்கிறதால அந்தக் கதைய மட்டும் நூறு தடவ கேட்டிருப்பேன். 1971-ல டாக்கால பாகிஸ்தான் சரண்டர் பேப்பர் கையெழுத்தானப்போ மேசைல உக்காந்திருந்த ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா டர்பனோடதான் இருந்தார். ஸ்ரீநகர்ல பாகிஸ்தான் விமானங்களை ஒத்த ஆளா எதிர்த்துப் பறந்து இறந்துபோன நிர்மல்ஜித் சிங் செகோன், நம்ம ஏர்ஃபோர்ஸ்ல பரம்வீர் சக்ரா வாங்கின ஒரே ஆள், அவரும்தான்.

அதனால அமெரிக்கா வந்த புதுசுல, இங்க சீக்கியர் ஆர்மில சேரணும்னா தலைமுடிய வெட்டணும், தாடிய எடுக்கணும்னு ஒரு நண்பர் சொன்னப்போ நான் நம்பல. அப்புறம் ஒவ்வொண்ணா தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், படிக்கப் படிக்க மனசு கனத்துப்போச்சு, அதான் இந்த போஸ்ட்.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. 1699 வைசாகி அன்னைக்கு அனந்த்பூர் சாகிப்ல குரு கோபிந்த் சிங் கால்சாவ, அதாவது தீட்சை வாங்கின சீக்கியர்களோட அமைப்ப ஆரம்பிச்சார், தீட்சை வாங்கினவங்க அஞ்சு விஷயத்தை உடம்பவிட்டு எடுக்கக் கூடாது. வெட்டாத முடி, மர சீப்பு, இரும்பு வளையம், கச்சேராங்கிற உள்ளாடை, கிர்பான்ங்கிற சின்ன வாள். டர்பன் அந்த முடியோட காவல். அத ஒரு தொப்பி மாதிரி கழட்டி மாட்டுற சமாச்சாரமா நினைச்சாதான் குழப்பமே வருது. ஒரு ஆளுகிட்ட முடிய வெட்டிட்டு வேலைக்கு வா, அப்புறம் வேணா வளத்துக்கோனு சொல்றது அவருக்கு எப்படி இருக்கும்னா, எப்படினு சொல்றது, அவர் குடுத்த சத்தியத்தை ஒரு தடவ மட்டும் மீறிட்டு வானு சொல்ற மாதிரி.

இதுல எனக்குப் பெரிய அதிர்ச்சி என்னன்னா அமெரிக்க ஆர்மிக்கு டர்பன் புதுசே இல்ல. பகத் சிங் தின்ட்னு ஒருத்தர், நம்ம புரட்சியாளர் பகத் சிங் இல்ல, இவர் வேற, 1918-ல முதல் உலகப்போர் சமயத்துல அமெரிக்க ஆர்மில சேர்ந்து வாஷிங்டன் மாநிலத்துல கேம்ப் லூயிஸ்ல இருந்தவர். யூனிஃபார்ம் போட்டு தலைல டர்பனோட அவர் நிக்கிற போட்டோ இப்பவும் இருக்கு. நல்ல பேரோட டிஸ்சார்ஜ் ஆனார். ஆனா அவருக்குக் குடியுரிமை குடுத்தாங்க, புடுங்கினாங்க, மறுபடி குடுத்தாங்க, 1923-ல சுப்ரீம் கோர்ட் நீ வெள்ளைக்காரன் இல்ல, உனக்குக் கிடையாதுனு தீர்ப்பு சொல்லிடுச்சு. முதல் உலகப்போர் வீரர்களுக்குனு தனியா சட்டம் வந்த பிறகு 1936-லதான் அவர் நிரந்தரமா சிட்டிசன் ஆனார். நாட்டுக்காக யூனிஃபார்ம் போட்ட ஆளுக்குப் பதினெட்டு வருஷம்.

அதுக்கப்புறமும் 1981 வரைக்கும் சீக்கியர்கள் டர்பன், தாடியோட இங்க ஆர்மில இருக்கலாம்னு விதி இருந்திருக்கு. அந்த வருஷம்தான் அத எடுத்தாங்க. ஏற்கனவே உள்ள இருந்தவங்க மட்டும் அப்படியே தொடரலாம். அப்படித் தொடர்ந்தவங்கள்ல ஒரு டாக்டரும் ஒரு பல் டாக்டரும் டர்பனோடயே கர்னல் ரேங்க் வரைக்கும் போனாங்க. இத யோசிச்சுப் பாருங்க, ஒரே ஆர்மி, ஒரே யூனிஃபார்ம், முன்னாடியே வந்தவரு டர்பனோட கர்னல், பின்னாடி வந்த பையனுக்கு வாசல்லயே கத்தரிக்கோல்.

நடுவுல 1986-ல ஒரு வழக்கு, சீக்கியர் இல்ல, ஏர்ஃபோர்ஸ்ல இருந்த ஒரு யூத ஆபீசர் தலைல சின்ன குல்லா போட்டுக்கணும்னு கேட்டார். சுப்ரீம் கோர்ட் முடியாதுனுடுச்சு, யூனிஃபார்ம் விஷயத்துல மிலிட்டரி சொல்றதுதான் முடிவுனு. அடுத்த வருஷமே பார்லிமென்ட், அதாவது இங்க காங்கிரஸ், மத அடையாளம் அடக்கமா இருந்தா போட்டுக்கலாம்னு சட்டம் போட்டுச்சு. ஆனா சீக்கியர் நிலைமை மாறல, தாடி அதுல வராது பாருங்க.

2009-ல ரெண்டு பேர். கமல்ஜீத் சிங் கல்சி எமர்ஜென்சி டாக்டர், தேஜ்தீப் சிங் ராட்டன் பல் டாக்டர். படிக்கிறப்பவே ஆர்மி ப்ரோக்ராம்ல சேர்ந்தவங்க, அப்போ டர்பன் பிரச்சனையா இருக்காதுனு சொல்லித்தான் சேத்திருக்காங்க, படிப்பு முடிஞ்சு டூட்டிக்கு வர்ற நேரத்துல எடுத்துட்டு வானு சொன்னா என்ன பண்ணுவாங்க. கல்சி வீட்டுல அப்பாவும் தாத்தாவும் இந்திய ஏர்ஃபோர்ஸ், கொள்ளுத்தாத்தா பிரிட்டிஷ் காலத்து ஆர்மி. அந்த வீட்டுப் பையன்கிட்ட டர்பன் போட்டா சோல்ஜரா இருக்க முடியாதுனு சொல்றாங்க. ரெண்டு பேரும் போராடி தனிப்பட்ட அனுமதி வாங்கினாங்க. ராட்டன் 2010 மார்ச்ல, அதே சான் ஆன்டோனியோல ஃபோர்ட் சாம் ஹூஸ்டன்ல ட்ரெயினிங் முடிச்சார், டர்பனுக்கு மேலயே ஹெல்மெட் சைஸ் சரியா உக்காந்துச்சு, கேஸ் மாஸ்க்கும் தாடியோட காத்து புகாம நின்னுச்சுனு காமிச்சார். கல்சி ஆப்கானிஸ்தான் போய் அங்க உயிர் போயிடுச்சுனு நினைச்ச ரெண்டு பேரை மீட்டெடுத்தார், ப்ரான்ஸ் ஸ்டார்ங்கிற ராணுவப் பதக்கம் குடுத்தாங்க. அதே 2010-ல சிம்ரன் பிரீத் சிங் லாம்பானு ஒருத்தர் சாதாரண சோல்ஜராவே சேர்ந்தார், இந்தியும் பஞ்சாபியும் தெரிஞ்ச ஆள் அவங்களுக்குத் தேவைப்பட்டுச்சு.

இந்த கேஸ் மாஸ்க் விஷயத்துல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா எல்லாரும் சொல்ற காரணம் அதுதான், அது பொய்யான காரணமும் இல்ல. மாஸ்க் முகத்தோட ஒட்டி உக்காரணும், நடுவுல முடி இருந்தா இடுக்கு வழியா விஷப்புகை உள்ள போகலாம். இது உயிர் விஷயம், இத லேசா பேச நான் தயாரில்ல. ஆனா அதே ஆர்மி ஷேவ் பண்ணா கழுத்தெல்லாம் கொப்பளம் கொப்பளமா வர்ற தோல் பிரச்சனை இருக்கிறவங்களுக்கு, அது கறுப்பினத்து ஆண்களுக்கு ரொம்ப அதிகம், டாக்டர் சீட்டு குடுத்து தாடி வெச்சுக்க விட்டுச்சு. 2007-ல இருந்து அப்படி ஒரு லட்சத்துக்கு மேல சீட்டு குடுத்திருக்காங்கனு கோர்ட்லயே வெளிய வந்துச்சு. ஆப்கானிஸ்தான்ல ஸ்பெஷல் ஃபோர்சஸ்காரங்க உள்ளூர் ஆளுங்களோட கலக்கணும்னு நல்லா தாடி வளத்தாங்க. அவங்க யாருக்கும் மாஸ்க் காத்து புகாம நிக்குதானு இந்த அளவு சந்தேகம் வரல. சாமிக்காக வளத்தவனுக்கு மட்டும் வந்துச்சு.

ஹர்ஜித் சஜ்ஜன்னு கனடால டிஃபென்ஸ் மினிஸ்டரா இருந்தவர் தெரியும்ல, அவர் அரசியலுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி ஆர்மில இருந்தப்போ தாடியோட போட்டுக்கிற மாதிரி ஒரு கேஸ் மாஸ்க்க அவரே டிசைன் பண்ணி பேட்டன்ட் வாங்கி வெச்சிருக்கார். இத படிச்சப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. உன்னால முடியாதுனு சொன்னப்போ கோவிச்சுட்டுப் போகாம, ராத்திரி உக்காந்து மாஸ்க் வரைஞ்சிருக்கார் மனுஷன்.

இப்போ தலைப்புக்கு வர்றேன். இக்நூர் சிங், நியூயார்க் பக்கத்துல ஹாஃப்ஸ்ட்ரா யுனிவர்சிட்டி ஸ்டூடன்ட், நம்ம ஊர்ல என்சிசி மாதிரி இங்க ஆர்ஓடிசினு இருக்கு, அதுல சேந்து ஆபீசர் ஆகணும்னு ஆசை. டர்பன், தாடியோட சேர அனுமதி கேட்டார். ஆர்மி என்ன சொல்லுச்சுன்னா, நீ இன்னும் சேரவே இல்ல, சேந்தவங்கதான் விதிவிலக்கு கேக்க முடியும். சரி சேரலாம்னா, சேரணும்னா விதிப்படி இருக்கணும், அதாவது முடி வெட்டி ஷேவ் பண்ணியிருக்கணும். மனு நிலுவைல இருக்கிற வரைக்கும் விதிய மீறக் கூடாது. அப்போ முடிய வெட்டக்கூடாதுங்கிறதுக்கு மனு போடணும்னா முதல்ல முடிய வெட்டணும். இத நான் ரெண்டு மூணு தடவ திருப்பித் திருப்பிப் படிச்சேன், நான்தான் தப்பா புரிஞ்சுக்கிறேனோனு. இல்ல, அதேதான். 2015-ல ஒரு ஃபெடரல் ஜட்ஜ் இது செல்லாதுனு அவர் பக்கம் தீர்ப்பு குடுத்தாங்க. அந்த ஒரு லட்சம் டாக்டர் சீட்டு கணக்கு இந்தத் தீர்ப்புலதான் இருக்கு.

சிம்ரத்பால் சிங் கதைதான் என்னை ரொம்ப நேரம் தூங்க விடல. 2006-ல வெஸ்ட் பாயின்ட்ல சேர்றார், அது இங்க ஆபீசர்களுக்கான பெரிய காலேஜ். முதல் நாளே ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணணும். வெட்டிக்கிட்டார். அந்த வயசுல, பதினெட்டு பத்தொன்பது இருக்கும், கண்ணாடில தன் முகத்தையே முதல் தடவையா அப்படிப் பாத்திருப்பார். அப்புறம் ரேஞ்சர் ஸ்கூல்ங்கிற கடுமையான போர்ப் பயிற்சி, ஆப்கானிஸ்தான், ரோட்டுல புதைச்சு வெச்ச வெடிகுண்டுங்களை எடுத்து வழி பண்ற இன்ஜினியர் வேலை, ப்ரான்ஸ் ஸ்டார். கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் முகத்தை மழிச்சுட்டு வேலை பாத்துட்டு, 2015 கடைசில மறுபடி டர்பன் கட்டி தாடி வளக்க தற்காலிக அனுமதி வாங்கினார். அது முடியற நேரத்துல ஆர்மி என்ன பண்ணுச்சுன்னா, பல நாள் ஹெல்மெட் டெஸ்ட், கேஸ் மாஸ்க் டெஸ்ட், அவருக்குனு தனியா, பெரிய செலவுல. டாக்டர் சீட்டு வாங்கி தாடி வெச்ச யாருக்கும் அந்த டெஸ்ட் கிடையாது. அவர் கோர்ட்டுக்குப் போனார், 2016 மார்ச்ல ஜட்ஜ் அந்த டெஸ்டுக்குத் தடை போட்டாங்க, சீக்கியர்ங்கிற காரணத்துக்காக மட்டும் ஒருத்தரைத் தனியா பிரிச்சு சோதிக்கிறது பாரபட்சம்னு. மாசக் கடைசிக்குள்ள அவருக்கு அனுமதி வந்துடுச்சு.

2017 ஜனவரில ஆர்மி விதியையே மாத்திட்டாங்க. அனுமதி மேலிடம் வரைக்கும் போக வேண்டாம், பிரிகேட் லெவல்லயே குடுக்கலாம், ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் புதுசா கேக்க வேண்டாம். தாடி நீளமா இருந்தா ரெண்டு இன்ச்சுக்குள்ள வர்ற மாதிரி சுருட்டிக் கட்டிக்கணும், டர்பன் யூனிஃபார்முக்குப் பொருத்தமா இருக்கணும். நான் ஏர்போர்ட்ல பாத்தது இதுதான், ஒரு விதியோட ஒவ்வொரு வரியும் அந்த மனுஷன் முகத்துல இருந்துச்சு. விஷவாயு ஆபத்து நிஜமா குறிப்பா இருந்தா அப்போ அனுமதிய நிறுத்தி வைக்கலாம்னும் அதுல இருக்கு, இது எனக்கு நியாயமாதான் படுது. 2020-ல ஏர்ஃபோர்சும் மாத்திடுச்சு.

கடல் வழியா போய் சண்டை போடுற தனிப்படை மரீன்ஸ், அவங்க மட்டும் விடல. 2021-ல சுக்பீர் சிங் தூர்ங்கிற ஆபீசருக்கு பாதி அனுமதி, சாதாரண நாள்ல கட்டிக்கலாம், சண்டை நடக்கிற இடத்துல கூடாது. புதுசா சேர வந்த மூணு பசங்களுக்கு என்ன சொன்னாங்கன்னா, ட்ரெயினிங் முடிஞ்ச பிறகு வெச்சுக்கோ, அந்த 13 வாரம் மட்டும் கூடாது, எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்னு. 2022 டிசம்பர்ல அப்பீல் கோர்ட் சீக்கியப் பசங்க பக்கம் நின்னுச்சு. தோல் பிரச்சனைக்காரங்களுக்கு ட்ரெயினிங்லயே ஷேவிங்ல விலக்கு இருக்கே, பச்சை குத்திக்கலாம்னு விட்டிருக்கீங்களே, அதுல கெடாத ஒற்றுமை இதுல எப்படிக் கெடும்னு கேட்டாங்க. மூணு பேர்ல ஒருத்தர் ஜஸ்கிரத் சிங், 2023 ஆகஸ்ட்ல சான் டியேகோல டர்பன், தாடியோட ட்ரெயினிங் முடிச்சு வெளிய வந்தார்.

நம்ம ஊர்லயும் இது வேற மாதிரி வந்துச்சு, அதையும் சொல்லிடணும். 2023 ஜனவரில சீக்கிய சோல்ஜர்களுக்காக 12,730 ஹெல்மெட் வாங்க டிஃபென்ஸ் மினிஸ்ட்ரி டெண்டர் விட்டுச்சு, நடுவுல கொண்டைக்கு இடம் விட்டு மேடா செஞ்ச டிசைன். சீக்கியர்களோட உச்ச மத பீடமான அகால் தக்தும் குருத்வாரா கமிட்டியும் வேண்டாம்னுட்டாங்க. இரண்டாம் உலகப்போர்லயே பிரிட்டிஷ்காரன் இரும்பு ஹெல்மெட் போடச் சொன்னப்போ மறுத்தவங்க நாங்கனு. அமெரிக்கால இருக்கிற சீக்கியர் டர்பனுக்கு மேலயோ, உள்ள சின்ன துணிய மட்டும் கட்டிட்டோ ஹெல்மெட் போட்டுக்குறார். இதுல யார் சரினு வெளில இருந்து நான் சொல்லக் கூடாது. ஆனா குண்டு வர்ற இடத்துல நிக்கிற பையன் எனக்கு ஹெல்மெட் வேணும்னு கேட்டா அவனுக்கு அவன் தலைக்கு ஏத்தது கிடைக்கணும், அது மட்டும் எனக்கு உறுதி. எங்க அப்பாவும் அதத்தான் சொன்னார், சொல்லிட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தார்.

இதெல்லாம் எழுதும்போது ஒரு பயமும் இருக்கு. 2025 செப்டம்பர்ல இங்க மிலிட்டரி தலைமைல இருந்து உத்தரவு வந்துச்சு, தாடிக்குக் குடுத்த சலுகையெல்லாம் 2010-க்கு முந்தின நிலைக்குத் திரும்பணும்னு. மதக் காரணம் சொல்றவங்களை ஒவ்வொருத்தரா மறுபடி பரிசீலிக்கணும், உண்மையான நம்பிக்கைதானானு. 2010-க்கு முந்தினன்னா, வாசல்லயே கத்தரிக்கோல் நின்ன காலம்னு மேல படிச்சவங்களுக்குப் புரியும். ஏர்போர்ட்ல பாத்த அந்த ஆள் மறுபடி ஒரு மேசை முன்னாடி நின்னு, என் நம்பிக்கை நிஜம்னு பேப்பர்ல எழுதிக் குடுக்கணும்.

அன்னைக்கு அவர்கிட்டப் போய்ப் பேசலாமானு யோசிச்சேன். என்ன பேசுறது, எங்க அப்பாவும் மிலிட்டரினா? ஃப்ளைட்டுக்குக் கூப்பிட்டுட்டாங்க, எந்திரிச்சுப் போயிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு போன் பண்ணி இதெல்லாம் சொன்னேன், ஜஸ்கிரத் சிங் ட்ரெயினிங் போட்டோவும் அனுப்பினேன். கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பாத்திருக்கார் போல. அப்புறம் கேட்டார், அந்தப் பையன் ஒருத்தன்தானடா சிங்கு அங்க, காலைல துணியோட இன்னொரு முனைய யார் பிடிச்சிருப்பாங்க?

தெரியலப்பா, கதவு கைப்பிடில கட்டி மடிச்சுக்கலாம்னு சொல்றாங்கனு சொன்னேன்.

கைப்பிடில கட்டினா மடிப்பு சரியா விழாதுன்னார்.